கப்பலில் வந்த பெட்டிகள்: பரணில் கிடக்கும் பயணப் பொருள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை, தமிழ்நாட்டிலிருந்து மலாயா, சிங்கப்பூர், பர்மா, இலங்கை என்று போனவர்களும் அங்கிருந்து திரும்பியவர்களும் பெரும்பாலும் கப்பலில்தான் போனார்கள், வந்தார்கள். அந்தப் பயணங்களின் சாமான்கள் நாகை, தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை வட்டாரங்களில் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. வீட்டைக் கலைக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் அவைதான் முதலில் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. அதைத் தடுக்கத்தான் இந்தப் பக்கம்.

எங்கள் வீட்டில் இருப்பது துருப்பிடித்த ஒரு தகர டிரங்குப் பெட்டி. இதையெல்லாம் அருங்காட்சியகத்தில் வைப்பார்களா?

வைக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். சிங்கப்பூர் கேம்பல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில், நுணுக்கமான மரச் சிற்பங்கள் நிறைந்த செட்டிநாட்டு வீட்டு வாசல் ஒன்று இருக்கிறது. பார்க்க வேண்டிய பொருள். ஆனால் அப்படியொரு வாசலைக் கட்டியவர்கள் சிலர். கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் லட்சக்கணக்கானோர்.

செல்வரின் பொருள் அழகுக்காகப் பாதுகாக்கப்படுகிறது. ஏழையின் பொருள் தேயும்வரை புழங்கப்படுகிறது. பயணம் முடிந்ததும் டிரங்குப் பெட்டி நெல் கொட்டும் பெட்டியாகும், பிறகு கோழி அடைக்கும் பெட்டியாகும், அடி இற்றுப்போனதும் எடைக்குப் போகும். டெக் பயணிகளின் சாமான்கள் காட்சிக்கூடங்களில் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். உங்கள் வீட்டுப் பெட்டி தப்பிப் பிழைத்திருக்கிறது. அதன் மதிப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தாத்தா "ரஜுலாவில் வந்தேன்" என்று சொல்வார். அது என்ன கப்பல்?

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1926-இல் கட்டப்பட்ட கப்பல் ரஜுலா. ஏறக்குறைய 8,500 டன். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, வங்கக் கடலைக் கடந்து பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்த் திரும்பும். தொடக்கக் காலத்தில் 5,000-க்கும் அதிகமான டெக் பயணிகளை ஏற்ற இதற்கு உரிமம் இருந்தது. அந்த எண்ணிக்கையை நிறுத்தி நிதானமாக எண்ணிப் பாருங்கள்: ஒரு பெரிய கிராமமே ஒரு கப்பலில்.

போர்க்காலத்தில் படைவீரர்களை ஏற்றப் போன ரஜுலா, போர் முடிந்தபின் பழைய வழிக்கே திரும்பி 1973 வரை ஓடியது. அந்த ஆண்டு இந்தியக் கப்பல் கழகம் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. அடுத்த ஆண்டே உடைத்துவிட்டார்கள். 47 ஆண்டுகள். பேரன் போன கப்பலிலேயே அவன் தாத்தாவும் போயிருக்கலாம்.

இதே கம்பெனியின் ஆதிக்கத்தை எதிர்த்துத்தான் 1906-இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அந்தக் கம்பெனி நசுக்கப்பட்டது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் மலாயாவுக்குப் போன தமிழர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி டிக்கெட்டை வாங்கித்தான் போனார்கள். உங்கள் வீட்டில் அந்த டிக்கெட்டின் ஒரு துண்டு இருந்தாலும் அது இந்த வரலாற்றின் ஒரு பக்கம்.

வேறு கப்பல்கள்?

ரோணா, ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ், எம்.வி. சிதம்பரம் ஆகிய பெயர்களைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

ரோணாவும் 1926-இல் கட்டப்பட்டதுதான். போரில் படையினரை ஏற்றிச் சென்றபோது, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மன் விமானம் வீசிய வானொலிக் கட்டுப்பாட்டுக் குண்டு தாக்கி மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும், கப்பல் பணியாளர்களான இந்தியர்கள் பலரும் மாண்டார்கள். ஆகவே ரோணா பெயர் தாங்கிய சீட்டு எது கிடைத்தாலும் அது போருக்கு முந்திய பயணத்துக்குரியது. கூடுதல் அக்கறையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

சிதம்பரம், 1966-இல் பிரான்சில் 'பாஸ்டர்' என்ற பெயரில் கட்டப்பட்டது. இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, 1970-களில் சென்னை–சிங்கப்பூர் வழியில் விட்டது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின. அத்தோடு அந்தக் கப்பலின் ஓட்டம் முடிந்தது.

டெக் பயணி என்றால் என்ன?

அறையோ கட்டிலோ இல்லாத பயணி. தளத்தில் கிடைத்த இடத்தில் பாயையோ ஜமுக்காளத்தையோ விரித்துக் குடும்பமாக உட்கார்ந்துகொள்வார்கள். பெட்டிகளை அடுக்கினால் அதுவே பக்கத்துக் குடும்பத்துக்கும் இவர்களுக்கும் இடையே சுவர். பயணம் ஏறத்தாழ ஒரு வாரம். ஐப்பசி, கார்த்திகையில் போனால் வாந்தியும் மயக்கமுமாகவே கழியும்.

நாகப்பட்டினத்தில் ஏறுவது தனிச் சிரமம். அங்கே கப்பல் கரைக்கு வராது, ஆழமான இடத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கரையிலிருந்து படகில் போய், அலை தூக்கிப் போடும் படகிலிருந்து ஏணியைப் பிடித்து ஏற வேண்டும். குழந்தைகளைக் கைமாற்றித் தூக்கிக் கொடுப்பார்கள். ஏறுமுன் நாகூர் ஆண்டவருக்கு நேர்ந்துகொள்ளும் வழக்கம் இந்து, முஸ்லிம் வேறுபாடின்றி இருந்தது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் தர்காவின் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. சிங்கப்பூரில் இருப்பது 1828-க்கும் 1830-க்கும் இடையே கட்டப்பட்டது. நேர்ச்சைக் கயிறு, தர்காவில் வாங்கிய சிறு வெள்ளித் தகடு போன்றவை பெட்டிக்குள் இருந்தால் அவையும் பயணப் பொருள்களே. தனியே எடுத்துப் பூசையறையில் வைப்பதானால் வையுங்கள். எங்கிருந்து எடுத்தது என்று மட்டும் எழுதிவையுங்கள்.

பெட்டியின் மேல் அழிந்த எழுத்துகளும் கிழிந்த காகிதமும் இருக்கின்றன. இவற்றை வைத்து எந்தக் காலம் என்று சொல்ல முடியுமா?

பல நேரங்களில் முடியும். முதலில் ஒரு வேண்டுகோள்: சுரண்டாதீர்கள், தண்ணீர் விட்டுத் துடைக்காதீர்கள், புதுப் பெயிண்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். மாலை வெயில் சாய்வாக விழும்படி பெட்டியை வைத்துப் படம் எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத பெயிண்ட் எழுத்துகூடப் படத்தில் தெரியும்.

ஊர்ப் பெயர்களே பெரிய துப்பு. 'போர்ட் ஸ்வெட்டன்ஹாம்' என்றிருந்தால் அநேகமாக 1972-க்கு முன். அந்த ஆண்டுதான் அது கிள்ளான் துறைமுகம் ஆனது. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று அச்சிட்டிருந்தால் 1969 ஜனவரிக்கு முன். 'மலாயா கூட்டரசு' என்பது 1948 முதல் 1963 செப்டம்பர் வரை. அதற்குப் பின் 'மலேசியா'. ஆனால் கையால் எழுதிய விலாசத்தை அப்படி நம்பிவிட முடியாது. நம்மூர் ஆட்கள் 1980-இலும் 'மலாயா' என்றே எழுதினார்கள். அச்சிட்ட எழுத்தை நம்புங்கள், கையெழுத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

'பயணத்தின்போது தேவையில்லை' என்ற பொருளில் ஆங்கில அச்சுச் சீட்டு ஒட்டியிருந்தால், அந்தப் பெட்டி கப்பலின் அடிக்கிடங்கில் போயிருக்கிறது. உடையவர் இன்னொரு சிறு மூட்டையைக் கையில் வைத்திருந்திருப்பார். சுண்ணக்கட்டிக் கிறுக்கல் சுங்க அதிகாரி போட்ட அடையாளமாக இருக்கலாம். துணியால் துடைத்தால் போய்விடும் என்பதால் அதைத் தொடாமல் விடுங்கள்.

பெட்டிக்குள் சில்லறை கிடந்தால் இன்னும் எளிது. 'மலாயா' என்று பொறித்த காசு 1953-க்கு முந்தியது. 'மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ' என்று பொறித்தது 1953-க்குப் பிந்தியது. மலேசியாவும் சிங்கப்பூரும் தனித்தனி நாணயம் வெளியிட்டது 1967 முதல்.

மஞ்சள் அட்டை ஒன்றில் நிறைய முத்திரைகள் உள்ளன. அது என்ன?

தடுப்பூசிச் சான்று. அம்மை குத்தியதற்கும் காலரா ஊசி போட்டதற்கும் அத்தாட்சி. அது இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். ஏறினாலும் அந்தக் கரையில் இறங்க விடமாட்டார்கள்.

எனக்குத் தெரிந்து இவ்வளவு தகவல் தரும் இன்னொரு காகிதம் கிடையாது. அம்மைச் சான்று மூன்று ஆண்டு செல்லும். காலராச் சான்று ஆறு மாதம்தான். அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் காலரா ஊசியைப் புதிதாகப் போட்டாக வேண்டும். அந்தத் தேதிகளை வரிசையாக எழுதினால் உங்கள் தாத்தா எந்தெந்த ஆண்டு கடல் கடந்தார் என்ற பட்டியல் கிடைத்துவிடும். பாஸ்போர்ட் தொலைந்த குடும்பத்துக்கு இதுவே பாஸ்போர்ட். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு 1980-இல் அறிவித்த பிறகு அம்மைச் சான்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கப்பலில் யாருக்காவது தொற்று கண்டால் டெக் பயணிகளைத் தீவில் இறக்கிவிடுவார்கள். சிங்கப்பூருக்கு செயின்ட் ஜான்ஸ் தீவு, பினாங்குக்கு ஜெரஜாக் தீவு. வீட்டில் யாராவது "தீவில் போட்டு வைத்திருந்தார்கள்" என்று சொன்னால் சிறை என்று பதறவேண்டாம். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வாழை மரம் போட்ட 10 டாலர் நோட்டுக் கட்டு கிடைத்தது. செல்லுமா?

செல்லாது. ஜப்பானியர் மலாயாவை ஆண்டபோது அச்சிட்டது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1945 செப்டம்பரில் ஜப்பானியர் போனதோடு அந்த நோட்டும் வெறுங்காகிதமாயிற்று.

விற்கப் போனாலும் பெரிய விலை வராது, ஏனென்றால் ஏராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கட்டு உங்கள் வீட்டில் ஏன் இருக்கிறது என்று யோசியுங்கள். மூன்றரை ஆண்டு உழைத்த கூலியாக இருக்கலாம். அந்த ஆண்டுகளில் கப்பல் இல்லை, கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பாதவர் ஏராளம். உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் இங்கே மனைவிமார்கள் காத்திருந்தார்கள். போருக்குப் பின் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பல்களில் வந்திறங்கியவர்கள் இந்த நோட்டைத் தூக்கி எறியாமல் கொண்டுவந்தது, எப்போதாவது செல்லும் என்ற நம்பிக்கையால் இருக்கலாம், கண்ணால் பார்க்க ஒரு சாட்சி வேண்டும் என்பதாலும் இருக்கலாம். கட்டைப் பிரிக்காமல், கட்டிய நூலோடு அப்படியே வையுங்கள்.

போருக்குப் பின் போனவர்களும் தோட்டக் கூலிகளா?

பெரும்பாலோர் இல்லை. மலாயாத் தோட்டங்களுக்கு உதவித்தொகையில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-லேயே நிறுத்திவிட்டது. போருக்குப் பின் போனவர்களில் கடை வைத்திருந்தவர்கள், கடைச் சிப்பந்திகள், துறைமுகத் தொழிலாளர்கள், ஏற்கெனவே அங்கிருந்தவர்களின் மனைவி மக்கள் அதிகம். 1953 ஆகஸ்டில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடிநுழைவுச் சட்டம் இறுக்கப்பட்டது. அதனால் 1953-க்கு முந்திய தேதியுள்ள நுழைவு முத்திரைக்குக் குடும்பங்களில் அவ்வளவு மதிப்பு; பழைய பாஸ்போர்ட்டை நகைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய வீடுகள் உண்டு.

எங்கள் குடும்பம் போகவில்லை, திரும்பி வந்தது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களின் பொருள்களும் இதில் சேருமா?

கட்டாயம் சேரும். எடுத்துவர முடிந்தது மிகக் குறைவு என்பதால் அவை இன்னும் அரியவை.

பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டன. நகையும் பணமும் கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகளைச் செல்லாதவை என்று அறிவித்துவிட்டார்கள். அந்த நோட்டுகள் உங்களிடம் இருந்தால், ஒரு குடும்பத்தின் சேமிப்பு ஒரே நாளில் போனதற்கு அவை ஆதாரம்.

இலங்கை மலையகத் தமிழர்களின் கதை வேறு. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்றது. மீதி 1,50,000 பேரின் விதியைத் தள்ளிவைத்தது. 1974-இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. ரயிலில் தலைமன்னார் வந்து, இராமானுஜம் கப்பலில் இராமேசுவரம் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதத்துக்குள் 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனதால்தான் இறங்குதுறை இராமேசுவரம் ஆயிற்று.

குடும்ப அட்டை, முகாமில் கொடுத்த சீட்டு, தோட்டத்துப் பெயர்ப் பதிவுத் துண்டு, கொழுந்துக் கூடை, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, தப்பு என்னும் பறை ஆகியவற்றில் எது இருந்தாலும் காப்பாற்றுங்கள். இலங்கையில் கம்பளைக்கு அருகே, தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயன் என்னும் வரிசை அறைகளிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கென ஓர் அருங்காட்சியகம் 2007-இல் அமைக்கப்பட்டது. பெரிய கட்டடமோ கண்ணாடிப் பளபளப்போ கிடையாது. அவர்கள் வாழ்ந்த இடத்திலேயே அவர்கள் சாமான்கள். எனக்குத் தெரிந்தவற்றில் இதுதான் ஆகச் சரியான முன்மாதிரி. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தாயகம் திரும்பியோர் இத்தனை ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அங்கேயும் அப்படியொன்று வரவேண்டும்.

கோடாலித் தைலப் புட்டி, பிஸ்கட் டின், மங்குத் தட்டு, பாத்திக் கைலி. இவையுமா?

ஆம். ஊருக்குத் திரும்பும்போது யார் யாருக்கு என்ன என்று பட்டியல் போட்டு வாங்கி வந்த சாமான்கள் இவை. மங்குப் பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். செய்த நாட்டின் பெயர் இருக்கும். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற பொருளில் ஆங்கில முத்திரை இருந்தால் போர் முடிந்ததற்கும் 1952-க்கும் இடைப்பட்டது.

படத்தில் ஒரு கப்பல் தெரிகிறது, பெயர் தெரியவில்லை.

புகைபோக்கியைப் பாருங்கள். கறுப்பு நிறத்தில் இரண்டு வெள்ளைப் பட்டைகள் இருந்தால் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்.

பயணத் தேதியை உறுதிப்படுத்த வழி உண்டா?

கப்பல் வருகையும் புறப்பாடும் அன்றாடச் செய்தித்தாள்களில் வந்தன. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் தமிழ் முரசு உள்ளிட்ட பழைய இதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. ஆங்கில நாளிதழ்களில் கப்பலின் பெயரைத் தேடினால் விரைவில் சிக்கும். ஊசி அட்டைத் தேதியையும் பாஸ்போர்ட் முத்திரையையும் அதோடு ஒப்பிடுங்கள். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறு பதிவு செய்து வருகிறது. தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் அதில் உள்ளன. உங்கள் பாட்டி வந்த அதே வழியில் வந்த ஒருவரின் குரலைக் கேட்கலாம்.

எப்படிப் பாதுகாப்பது?

காகிதத்துக்கு மூன்று எதிரிகள்: ஈரம், இராமபாணப் பூச்சி, நம்முடைய நல்லெண்ணம். மூன்றாவதுதான் அதிகம் கெடுக்கிறது. கிழிந்ததைச் செல்லோ டேப் போட்டு ஒட்டினால் சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேட் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. ஸ்டேப்ளரும் ரப்பர் பேண்டும் வேண்டாம். மடித்ததை மெல்ல விரித்து, அமிலமில்லாத தாள் உறையில் தட்டையாக வையுங்கள். அந்தத் தாள் கிடைக்காவிட்டால் வெளுத்துத் துவைத்த பருத்தித் துணி போதும். பின்பக்கம் குறிப்பு எழுதுவதானால் மென்மையான பென்சில், பேனா கூடாது.

டிரங்குப் பெட்டியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, தரையில் படாமல் கட்டை மேல் வையுங்கள். கரையானுக்கு அது ஒன்றே பாதிப் பாதுகாப்பு. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். சமூக ஊடகத்தில் போடும்போது பாஸ்போர்ட் எண்ணையும் உயிரோடு இருப்பவர்களின் விவரத்தையும் மறைத்துவிடுங்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

வீட்டுப் பெரியவரோடு பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். கைப்பேசியில் குரல் பதிவைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு பொருளாக அவர் கையில் கொடுங்கள். "கப்பல் பயணம் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "இருந்துச்சு" என்பார். "இந்தப் பூட்டை எங்கே வாங்கினீர்கள்? சாவியை எங்கே முடிந்து வைத்திருந்தீர்கள்? கப்பலில் பக்கத்தில் யார் படுத்தார்கள்? என்ன சாப்பிட்டீர்கள்? இறங்கியதும் யார் வந்து கூட்டிப்போனார்கள்?" என்று கேளுங்கள். பொருள் கையில் இருக்கும்போது நினைவு தானாகக் கிளம்பும். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். கணவர் பக்கத்தில் இருந்தால் அவரே பதில் சொல்லிவிடுவார். மூன்று பிள்ளைகளோடு தளத்தில் ஒரு வாரம் சமாளித்தது அந்த அம்மாதான்.

பெயர், ஊர், கப்பல், ஏறிய துறை, இறங்கிய துறை, ஆண்டு. இந்த ஆறும் தெரியாத பெட்டி எந்தக் காட்சிக்கூடத்திலும் வெறும் பெட்டியாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

காரைக்குடியில் பழம்பொருள் கடைக்காரர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

உங்கள் பொருள், உங்கள் தேவை. விற்றால் தவறு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பெட்டியை விற்றாலும் உள்ளிருக்கும் காகிதங்களை விற்காதீர்கள். விற்குமுன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கொடுக்கலாம்? சிங்கப்பூருக்கு அனுப்பலாமா?

நாகப்பட்டினத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அங்கே கேட்பது பொருத்தம், ஏனென்றால் அந்தக் கரையில்தான் பலரும் ஏறினார்கள். அச்சிட்ட தாள்கள், துண்டு வெளியீடுகள், கடிதங்கள் என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகலாம்.

வெளிநாட்டுக்கு அனுப்புமுன் ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் இந்தியத் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த பொருள்களும், வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டு கடந்த கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் தொல்பொருள் ஆகிவிடும். தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. போர் முடிந்த ஆண்டுகளின் காகிதங்கள் இப்போது அந்த எல்லையைக் கடந்துகொண்டிருக்கின்றன. சந்தேகம் இருந்தால் தொல்லியல் துறையிடம் எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஸ்கேன் படத்தை அனுப்ப இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கொடுக்கும்போது எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள். கொடையா, இரவலா, நகல் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டா, காட்சியில் யார் பெயர் இருக்கும் என்பதெல்லாம் அதில் வரவேண்டும்.

அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

அப்படிச் சொல்வது நடக்கும். இடம் இருக்காது, அல்லது அதே போன்ற பெட்டி முன்பே வந்திருக்கும். அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தையோ கிளை நூலகத்தையோ கேளுங்கள். ஒரு கண்ணாடி அலமாரியும் பூட்டும் பொறுப்பான ஓர் ஆசிரியரும் இருந்தால் போதும். ஒரே தெருவில் நாலு வீட்டில் இப்படிப் பொருள் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். தனிப் பெட்டியை மறுப்பவர்கள், ஓர் ஊரின் பயணத் தொகுப்பு என்றால் பெரும்பாலும் உட்கார்ந்து பார்ப்பார்கள். அதுவரை பெட்டி உங்கள் வீட்டிலேயே, கட்டை மேல், குறிப்புத் தாளோடு இருக்கட்டும்.